முன்கூட்டியே எழுதப்பட்ட ஆறாம் நாள்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் மலை ஏறியதில்லை. பரங்கிமலையில்கூடப் பாதிப் படியில் உட்கார்ந்து, மேலே போனவர்கள் இறங்கி வரும்வரை அவர்களுடைய பைகளுக்குக் காவல் இருந்தவன். ஆனால் சென்ற மாதம் இமயத்தில் ஒரு நெடும்பாதையில் (பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் போய்வந்தவர்கள் திருத்தம் அனுப்புவார்கள்) பன்னிரண்டு பேர் எட்டு நாள் நடந்த நடையை, மந்தைவெளியில் மின்விசிறிக்குக் கீழே பனியனோடு உட்கார்ந்து ஒரே முற்பகலில் எழுதி முடித்தவன் நான்தான். அவர்கள் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால். இந்தக் கதை அந்தக் குற்றத்திலிருந்து பிறந்தது.

"குற்றம்" பெரிய சொல். "உதவி" என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். என் மனைவி வசந்தி படித்துவிட்டு, "யாருக்கு?" என்று கேட்டாள். மாற்றிவிட்டேன்.

ஆழ்வார்பேட்டையில் "சிகரம் நோக்கி நடையாளர் வட்டம்" என்று ஒன்று இருக்கிறது. தலைவர் பிரசாத், பெரிய நிறுவனமொன்றில் உயர்பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். சென்னையில் மலை இல்லாதது அவருக்கு ஒரு நிர்வாகக் குறைபாடாகவே பட்டது. எனவே திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் படிக்கட்டை மலையாக நியமித்தார். காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு உறுப்பினர்கள், முதுகுப்பையில் தலா ஐந்து கிலோ பொன்னி அரிசியைச் சுமந்துகொண்டு ஏறினார்கள், இறங்கினார்கள். படியைப் பெருக்குகிற அம்மாள் முதல் நாள் மட்டும், "ரயிலுக்கு இன்னும் நேரம் கீது, மெதுவா போங்க" என்றார். பிறகு பழகிவிட்டார்.

பிரசாத் கதை எழுதுகிற என்னிடம் வந்தது விளம்பரத்துக்காக.

"சார், மேல டவர் கிடையாது. ஆனா நம்ம பக்கத்துக்கு நானூத்திச் சொச்சம் ஃபாலோயர்ஸ். டெய்லி சாயங்காலம் நாலரைக்கு ஒரு போஸ்ட் போயாகணும். எந்த நாள் எவ்வளவு தூரம், எங்க சாப்பாடு, எங்க தங்கல், எல்லாம் தரேன். நீங்க அனுபவத்தை மட்டும் எழுதிடுங்க."

"அனுபவம் இனிமேதானே வரணும்?"

"அதான் சார். அட்வான்ஸா."

எட்டுப் பதிவுகளையும் எழுதி, நேரம் குறித்து, தானாகவே வெளியாகும்படி போனில் அமைத்துவைத்தேன். மலைக்கு என்ன தோன்றினாலும் நாலரைக்குப் பதிவு வரும்.

2

ஆறாம் நாளுக்கு நான் எழுதிய தொடக்கங்கள்:

"பனி மூடிய சிகரங்கள் எங்களை அழைத்தன." (கைவிட்டேன். சிகரங்கள் யாரையும் அழைக்கவில்லை, பிரசாத்தான் அழைத்தார்.)

"விடியற்காலைக் குளிரில் எங்கள் மூச்சு வெண்புகையாக" (இதற்கு மேல் போகவில்லை. படுக்கையறை ஏசிக்கு முன்னால் ஊதிப் பார்த்தேன். புகை வரவில்லை.)

வெளியானது இதுதான்: "இன்று இருபத்திரண்டு கிலோமீட்டர். பயணத்திலேயே நீளமான நாள். கணவாயைக் கடந்து மாலை நான்கு மணிக்கு ஓய்வு விடுதியை அடைந்தோம். பன்னிரண்டு பேரும் நலம். சூடான சூப். நாளை முழு ஓய்வு. மலை எங்களைச் சிறியவர்களாக்கியது."

கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு பிரசாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன்னை எதுவும் சிறியவராக்கியதில்லை என்பதால் அது அவருக்குப் புதிய அனுபவமாக இருந்திருக்கலாம்.

ஆறாம் நாளை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், அந்த ஓய்வு விடுதியில் மட்டும் ஒரு தொலைபேசி உண்டு. முதல் ஐந்து நாள் நான் எழுதியதுதான் நடந்தது. மறுக்க ஆள் இல்லை. ஆறாம் நாள் சாயங்காலம்தான் நிஜமும் கீழே வந்து சேரும்.

3

இப்போது பொன்னுரங்கத்தைச் சொல்ல வேண்டும். பதிவுகளில் அவர் இல்லை.

பிரசாத் வீட்டுச் சமையல்காரர். நாற்பத்தேழு வயது. மலையில் ரொட்டியும் பருப்பும்தான் போடுவார்கள், மூன்றாம் நாள் ரசம் இல்லையென்றால் தமிழ் உடம்பு தாங்காது என்று உறுப்பினர் ஒருவர் மருத்துவ ஆய்வு போலச் சொன்னார். அங்கே கூடவரும் உள்ளூர்ச் சமையல்காரர்கள் போதாதென்று, புளி, ரசப்பொடி, மூன்று லிட்டர் குக்கரோடு பொன்னுரங்கமும் சேர்க்கப்பட்டார். பயிற்சி நாட்களில் உறுப்பினர்களுக்கான மோரைத் தூக்கிக்கொண்டு, ரப்பர் செருப்போடு எல்லோருக்கும் முன்னால் ஏறி, மேலே டம்ளர்களை வரிசையாக வைத்துக் காத்திருப்பார். பிரசாத் அதைப் பார்த்து, "நேச்சுரல் பாடி" என்று பாராட்டினார். தன்னுடைய பழைய ஷூவை எடுத்துக் கொடுத்தார். இரண்டு சைஸ் பெரியது. முன்பக்கம் பேப்பரைத் திணித்துக்கொண்டு பொன்னுரங்கம் இமயத்துக்குப் போனார்.

அவர் மனைவி பாஞ்சாலி எங்கள் வீட்டில் வேலை செய்கிறார். (முதல் வரைவில் "அவள்" என்று எழுதியிருந்தேன். பிரசாத்தின் மனைவி சந்திரிகாவுக்கு மட்டும் யோசிக்காமலே "அவர்" வந்திருந்தது. வரைவைத் திருத்திவிட்டேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.) முன்பு கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்தவர்கள், இப்போது ஊருக்கு வெளியே அடுக்குமாடியில். சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தால்தான் உட்கார இடம். அதற்கு முன்னால் நாலரைப் பதிவை நான் படித்துக் காட்ட வேண்டும் என்பது முதல் நாளே ஏற்பட்ட வழக்கம்.

முதல் நாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அதுல எங்க ஊட்டுக்காரரு இன்னா பண்றாரு சார்?" என்றார்.

பதிவில் அவர் ஒன்றும் பண்ணவில்லை. நான் போனைப் பார்த்தபடியே, இல்லாத வரியைப் படித்தேன்: "பொன்னுரங்கம் ரசம் வைத்தார். எல்லோரும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்கள்."

"ரெண்டு வாட்டியா!" பாஞ்சாலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்களுக்கு ஒரு வாட்டி வெச்சி குடுத்தது இல்ல அந்தாளு."

இரண்டாம் நாள் பொன்னுரங்கத்தை ஒரு பாட்டுப் பாட வைத்தேன். மூன்றாம் நாள்தான் எனக்குள் இருந்த எழுத்தாளன் விழித்தான். இந்தப் பொன்னுரங்கம் தட்டையாக இருக்கிறார். ரசம் வைக்கிறார், பாடுகிறார், நல்லவர், யார் நம்புவார்கள்? பாத்திரத்துக்கு ஒரு குறை வேண்டும் என்று அடையாறில் மாதம் ஒரு ஞாயிறு வகுப்பே எடுக்கிறேன். ஆகவே படித்தேன்: "இறக்கத்தில் பொன்னுரங்கத்துக்கு இடது முட்டியில் கொஞ்சம் வலி." அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லில் எனக்கு அன்றைக்கு ஏகத் திருப்தி.

பாஞ்சாலியின் கையிலிருந்த விளக்குமாறு நின்றது.

"அந்த ஷூவாலதான் சார். நான் அப்பவே சொன்னேன். ரப்பர் செருப்பே போட்டுகினு போன்னேன்."

நான்காம் நாள் வலியை அவசரமாகக் குணப்படுத்தினேன். பாஞ்சாலி நம்பவில்லை. "நேத்து நோவு, இன்னிக்கி ஓடிப்பூட்ச்சா? நீ எம்மனசுக்கோசரம் சொல்ற."

வாசகர்கள் வலியை உடனே நம்புகிறார்கள், குணமானதை நம்புவதில்லை என்று நோட்டில் குறித்துவைத்தேன். வகுப்புக்கு உதவும் என்று.

4

(இங்கே ஒரு பக்கத்துக்கு மலையை வர்ணித்திருந்தேன். வசந்தி எடுத்துவிட்டாள்.)

5

ஆறாம் நாள், மதியம் மூன்று மணி. தொலைக்காட்சியில் அந்த மாவட்டத்தின் பெயர் ஓடியது. விடாத மழை, மண்சரிவு, பாதைகள் துண்டிப்பு. ஒரே பாறை ஒரே சரிவில் திரும்பத் திரும்ப உருண்டது. வேறு படம் அவர்களிடம் இல்லை.

பதிவு வெளியாக ஒன்றரை மணி நேரம் இருந்தது. நிறுத்த ஒரு பொத்தான்தான். நிறுத்தினால் பன்னிரண்டு குடும்பங்களும் பயந்துபோகும். நிறுத்தாவிட்டால்... அந்த வாக்கியத்தை முடிப்பதற்குப் பதிலாகக் காபி போட்டுக் குடித்தேன். பிரசாத்துக்குக் கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு அப்பால். வழிகாட்டி நிறுவனத்துக்குக் கூப்பிட்டேன். இந்தியில் ஒரு பாட்டு. மறுபடி பொத்தானைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலரை ஆகிவிட்டது.

நாலு முப்பத்தொன்றுக்குப் பதினோரு இதயங்கள். "உங்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது!" "மலை எங்களைச் சிறியவர்களாக்கியது. செம லைன் சார்." வசந்தி என் தோளுக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் படித்தாள். அவள் ஒன்றும் சொல்லாததை இருபத்தாறு வருடமாகக் கேட்டு வருகிறேன்.

நாலே முக்காலுக்குப் பாஞ்சாலி வந்தார். செருப்பைக் கழற்றவில்லை.

"அயன் கடை டிவில காட்டறான் சார். மலை சரிஞ்சிகினு கீதாம். நாலரைது வந்துச்சா? படி."

படித்தேன். பயத்தில் பொன்னுரங்கத்தைச் சேர்க்கத் தோன்றவில்லை. எழுதியதை எழுதியபடியே படித்துவிட்டேன்.

"பன்னெண்டு பேரா?"

"ஆமா."

"பிரசாத் சாரோட பன்னெண்டு. எங்காளோட பதிமூணு. சென்ட்ரல்ல நாந்தான எண்ணி எண்ணி தண்ணி பாட்டிலு குடுத்தேன். பதிமூணு பாட்டிலு." குரல் இறங்கியது. "அப்ப எங்காளு எங்க சார்?"

[இந்த இடத்தில் ஓர் ஆசிரியன் செய்யக்கூடியவை: ஒன்று, "சமையல்காரரைத் தனியாகத்தான் எண்ணுவார்கள்" என்று சொல்வது. இரண்டு, "இதோ கீழே இருக்கிறதே" என்று ஒரு வரியைக் கற்பித்துப் படிப்பது. இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. என் நேர்மையால் நிறுத்தினேன் என்று எழுத ஆசை. வசந்தி பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் நிறுத்தினேன்.]

"பாஞ்சாலி, இது அங்கேர்ந்து வரல. நான் எழுதினது."

"அவங்க சொல்ல சொல்ல எழுதனியா?"

"இல்ல. அவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே. இங்க உக்காந்து."

அவர் முதலில் மூச்சை விட்டார். "அப்ப பன்னெண்டுன்றது நெசமில்ல?"

"இல்ல."

"எங்காளு தொலஞ்சி போவல?"

"தெரியாதும்மா. இப்ப யாருக்கும் எதுவும் தெரியாது."

பிறகு மெதுவாகப் பழைய நாட்களுக்கு ஒவ்வொன்றாக வந்தார்.

"ரசம்?"

"நான்தான்."

"பாட்டு பாடனது?"

தலையாட்டினேன்.

"முட்டி நோவு?"

"அதுவும்..."

பாஞ்சாலி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து அம்மன் கோயில்ல தகட்டுல கால் வாங்கிப் போட்டேன் சார். எடது காலு. கடக்காரன் வலது காலத் தூக்கிக் குடுத்தான். இது இல்ல, எடதுதான்னு அவனாண்ட சண்ட போட்டு வாங்கினேன். அந்த ஆத்தா இன்னா நெனச்சிருப்பா? நல்லா கீற காலுக்கு எதுக்குடி காலக் குடுக்கறன்னு சிரிச்சிருப்பா."

"எழுதறவங்க கையில ஒரு ஆளைக் குடுத்தா இப்படித்தான் பாஞ்சாலி," என்றாள் வசந்தி. "முதல்ல காலை உடைப்பாங்க."

பாஞ்சாலி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "எழுதறதுதான சார்? முட்டி நோவு குடுத்தியே, அதுக்கு பதிலா ஒரு நல்ல ஷூ குடுத்திருக்கலாமே? இன்னா கொறஞ்சிப் பூடும் உனுக்கு?"

6

ஆறே காலுக்குச் சந்திரிகா கூப்பிட்டார்.

"சார், அவர் பேசிட்டார்! ஒரே நிமிஷம், லைன் கட்டாயிடுத்து. விடுதிக்கு வந்துட்டாளாம். வழியெல்லாம் மழை, ரெண்டு மூணு பேர் ரொம்பப் பின்தங்கிட்டாளாம், ஆனா பன்னெண்டு பேரும் சேஃப்னார். நீங்க எழுதின மாதிரியே!"

"பொன்னுரங்கம்?"

மறுமுனையில் மிக்ஸி ஓடும் சத்தம். வேறு வீட்டு மிக்ஸி.

"பன்னெண்டுன்னுதான் சொன்னார். நான்... நான் கேக்கல சார்."

"நாங்க கேட்டோம்னு சொல்லுங்க. அவர் மறுபடி பேசினா, நேரா என் நம்பருக்கே பேசச் சொல்லுங்க. அவர் சம்சாரம் இங்கதான் இருக்காங்க."

போனை வைத்தேன். பாஞ்சாலிக்குச் சொல்லவேண்டியதில்லை, ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நான் கற்பனையில் எழுதிய எண் இப்போது மலையிலிருந்தே திரும்பி வந்திருக்கிறது. பிரசாத் உறுப்பினர்களை மட்டும் எண்ணியிருக்கலாம். டி-ஷர்ட் அடித்தபோதும் பன்னிரண்டுதான், ரயிலில் எடுத்த படத்தின் தலைப்பிலும் பன்னிரண்டுதான். அல்லது எல்லாத் தலைகளையும் எண்ணி, பதிமூன்றுக்கு ஒன்று குறைந்து பன்னிரண்டு இருந்திருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வாக்கியம். நான் எழுதிக் கொடுத்த வாக்கியம்.

கை சும்மா இருக்கவில்லை. முடிவுகள் எழுதத் தொடங்கினேன்.

முடிவு அ: விடுதியின் சமையலறையில் நீராவி. பொன்னுரங்கம் குக்கரை இறக்குகிறார். அவரை யாரும் எண்ணாததற்குக் காரணம், எல்லோருக்கும் முன்பே வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். (எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. ஆகவே சந்தேகமாக இருந்தது.)

முடிவு ஆ: கணவாய்க்கு இந்தப் பக்கம், மழையில், இரண்டு சைஸ் பெரிய (இல்லை. இதை முடிக்கமாட்டேன்.)

முடிவு இ: பொன்னுரங்கத்தைச் சேர்த்தே எண்ணினார்கள், பிரசாத் தன்னை எண்ண மறந்துவிட்டார். (பிரசாத் தன்னை எண்ண மறப்பார் என்று எழுதினால், இந்தக் கதையில் மற்றதையும் நீங்கள் நம்பமாட்டீர்கள்.)

பாஞ்சாலிக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று முடிவு அ-வை வாய்விட்டுப் படித்தேன்.

"நிறுத்து சார்," என்றார். "உன் வாய்ல அவரு இன்னொருவாட்டி சமைக்க வோணாம்."

ஐந்தரை பஸ் எப்போதோ போயிருந்தது. பாஞ்சாலி எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "அந்த நானூறு பேரு படிக்கறாங்களே, அதுல எங்காளு பேரப் போடு."

நான் எழுதினேன்: "தவிர்க்க இயலாத காரணங்களால், இன்றைய பதிவில் இடம்பெற்ற சில தகவல்கள்..."

"தண்ணி லாரி வராததுக்கு நோட்டீஸ் ஒட்டின மாதிரி இருக்கு," என்றாள் வசந்தி. "பாஞ்சாலி, நீ சொல்லு. அவர் எழுதட்டும்."

பாஞ்சாலி நின்றுகொண்டே சொன்னார். ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டேன்: "பொன்னுரங்கம்னு ஒருத்தரு கூடப் போயிருக்காரு. சமையலுக்கு. அவரு வந்து சேந்தாரான்னு யாரும் சொல்லல. மேல எழுதனது எல்லாம் மந்தவெளில எழுதனது."

வெளியிட்டேன். படிக்காமலே இரண்டு பேர் இதயம் போட்டார்கள். மூன்றாவது ஆள், "பொன்னுரங்கம் யாரு?" என்று கேட்டார். நான்காவது, "எல்லாம்னா எல்லாமா?" ஐந்தாவதாக ஒருவர் என்னைப் பற்றி இரண்டு சொற்கள் எழுதினார், இரண்டும் பொருத்தமானவையே. பிறகு தொலைபேசி ஆரம்பித்தது. உறுப்பினர் சாய்சரணின் அம்மா, திருவான்மியூரிலிருந்து: "அப்ப எங்க பையன் மூணாம் நாள் சூரியோதயம் பாத்து அழுதான்னு போட்டிருந்தீங்களே, அதுவும் பொய்யா? நான் அதை ஊர்பூரா ஃபார்வேர்ட் பண்ணிட்டேனே!" அவன் விடுதிக்கு வந்துவிட்டான் என்று சொல்லிப் பார்த்தேன். "அதை நீங்க சொல்லாதீங்க," என்று வைத்துவிட்டார்.

மலையைப் பற்றி நான் எழுதியதில் முதல்முறையாக எல்லோரும் ஒரு கேள்வியைக் கேட்டார்கள், சமையல்காரர் எங்கே? அரை மணி நேரத்தில் பொன்னுரங்கத்தை ஆழ்வார்பேட்டை முழுக்கத் தேடியது.

7

ஏழு பத்துக்குப் போன் அடித்தது. பழக்கமில்லாத எண், முன்னால் நீளமான ஊர்க்குறியீடு. தரைவழித் தொலைபேசி. நான் கை நீட்டுவதற்குள் பாஞ்சாலி எடுத்துவிட்டார். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அல்லோ," என்றது கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

அந்த அமைதிக்கு ஓர் உவமை வந்தது. நல்ல உவமை. அதைத் தூக்கிக்கொண்டு கதவருகே போய்க் காதை வைத்தேன். வசந்தி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"பேசறது யாரு? பிரசாத்தா? அவரா?" என்றேன்.

"எனக்கும் தெரியாது. உக்காருங்க."

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. கதவு திறந்தது. பாஞ்சாலி போனை மேஜைமேல் வைத்தார். புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டு வைத்தார். முகத்தை எழுதமாட்டேன்.

"சொன்னா எழுதுவியா?"

"இல்ல."

"இப்படித்தான் சொல்லுவ."

"எழுதமாட்டேன் பாஞ்சாலி."

"நல்லதோ கெட்டதோ, அது எங்க ஊட்டு சேதி. நானூறு பேரு குந்திகினு லவ் சிம்பலு போடறதுக்கு இல்ல." வசந்தியைப் பார்த்தார். "அக்கா, நீ சாச்சி."

பிறகு சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். மூன்றே வாக்கியங்கள்.

நான் போனை எடுத்துப் பதிவின் கீழே குவிந்திருந்த கேள்விகளைப் பார்த்தேன். விரல் எழுத்துகளின் மேல் போய் நின்றது. முப்பது வருட எழுத்தில் முதல்முறையாக, முடிவு தெரிந்த ஒரு கதை என்னிடம் இருந்தது. போனை அணைத்துவிட்டு, ஆட்டோ பிடித்துப் பாஞ்சாலியை ஏற்றிவிட வசந்தியோடு கீழே இறங்கினேன்.

இந்த வரிவரை வந்த நீங்களும் பொன்னுரங்கம் எங்கே என்று கேட்கிறீர்கள். நான் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், பாஞ்சாலி வீட்டுக்கே போய்க் கேளுங்கள். ஊருக்கு வெளியே, புறம்போக்கு ஏரிக்கரையைத் தாண்டி, வரிசையாக நிற்கும் கட்டடங்களில் மூன்றாவது, ஏழாவது மாடி. மெதுவாக ஏறுங்கள். கதவைத் தட்டி, யார், எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். பாஞ்சாலிக்கு உங்களைப் பிடித்திருந்தால் சொல்வார்.